கூதிர்காலத்தில் ஒரு குழந்தையோடு



பருவகாலம் பற்றிய கட்டுரைத் தலைப்பு மாதிரி வினாத்தாள்களில் அடிக்கடி இடம்பெறுவதை நீங்கள் அறிவீர்கள். முன்னுரை, உடல், முடிவுரை என்னும் அமைப்பையும், மரபுத்தொடர்களையும், நிறுத்தக்குறிகளையும் பற்றி வகுப்பில் வேண்டிய அளவு படித்திருப்பீர்கள். ஆகவே இங்கே நான் தருவது பாடமாக்குவதற்குரிய மாதிரிக் கட்டுரை அன்று. என் வீட்டில் நடந்த ஒரு சிறிய விடயத்தைச் சொல்லப் போகிறேன். ஆசிரியனாகிய நான் விட்ட பிழையொன்றும் அதில் உண்டு.

2023 ஒக்டோபரில், தரம் 11 மாணவர்களுக்கு வகுப்பில் ஒரு பயிற்சிப் பரீட்சை வைத்தேன். 'நான் விரும்பும் பருவகாலம்' என்பது கட்டுரைத் தலைப்பு. விடைத்தாள்களைத் திருத்தும்போது பாதிக்கு மேற்பட்டோர் இலையுதிர்காலத்தை எழுதியிருப்பதைக் கண்டேன். இலைகள் பொன்னிறமாகி, காற்றில் ஆடி, தரையில் கம்பளம் விரித்தன. ஒரு மாணவன் பனிமழையையும் சேர்த்து எழுதியிருந்தான். எல்லாருக்கும் நல்ல புள்ளி வழங்கினேன். அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஒரு மாணவி மட்டும் ஐப்பசி மழையை எழுதியிருந்தாள். வீட்டில் கைக்குழந்தையாக ஒரு தம்பி. மூன்று நாள் விடாத மழையில் அவனுடைய துணிகள் காயவில்லை. அம்மா விறாந்தையில் தணற்சட்டி வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணிகளைப் பரப்பி உலர்த்துகிறாள். தம்பியைத் தூக்கும்போது அடுப்படியைத் தூக்குவது போல மணக்கிறது என்று ஒரு வரி. கட்டுரையில் உவமை என்று இருந்தது அது ஒன்றுதான். மழை அழகானது என்றோ, இயற்கை அன்னை என்றோ ஓர் இடத்திலும் இல்லை. நான் இருபதுக்கு ஒன்பது புள்ளி போட்டு, "வர்ணனை போதாது. வீட்டுக் கஷ்டங்களைத் தவிர்க்கவும்" என்று சிவப்பு மையினால் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

2024 தை மாதத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவ விடுமுறை முடிந்ததும் மனைவி வேலைக்குத் திரும்பினார். காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவார். என்னுடைய வகுப்புகளோ மாலையிலும் சனி, ஞாயிறிலும்தான். கலைப்பட்டதாரியாகி அரச நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவனுக்குக் காலைப்பொழுது முழுவதும் ஓய்வுதானே! அம்மா சமைக்க, பிள்ளையைப் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. "படிச்ச பெடியன், பிள்ளை தூக்கிக்கொண்டு திரியிறான்" என்று ஊரில் சிலர் பேசியதும் காதில் விழுந்தது. முதலில் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறந்தபோது பிள்ளைக்கு ஒன்பது மாதம். வீட்டுக்குள் இருந்தால் அழுவாள். படலையைத் திறந்தால் சிரிப்பாள். ஆகவே தினமும் காலையில் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் குடை என்று வெளிக்கிட்டுவிடுவோம். ஒழுங்கை முடியும்வரை நடந்து, வாசிகசாலையைக் கடந்து, கோயில் கேணியடியில் சற்று நின்று திரும்புவோம். நான் தனியே நடந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற தூரம். அவளோடு போனால் ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஏனெனில் அவள் எதையும் சும்மா கடந்து போக விடமாட்டாள். குடை விளிம்பில் சொட்டும் ஒவ்வொரு துளியையும் பிடிக்கக் கை நீட்டுவாள். செம்மண்ணில் ஊர்ந்த தம்பலப்பூச்சியை நான் ஓர் இலையில் ஏற்றிக் காட்டியபோது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அந்தச் சிவப்பு வெல்வெட்டுப் பூச்சியை நான் கடைசியாக உற்றுப் பார்த்தது தரம் 3இலோ 4இலோ படிக்கும்போது.

ஒருநாள் கிளுவை வேலியில் படர்ந்து பூத்திருந்த கார்த்திகைப் பூவை எட்டிப் பிடித்துவிட்டாள். வாயில் வைக்கமுன் பறித்து எறிந்தேன். அழகான பூ, ஆனால் கிழங்கு முதல் விதை வரை அந்தக் கொடியில் நஞ்சு உண்டு. கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்துவிட்டு, மழை கண்டவுடன் முளைத்துப் பூக்கும் கொடி அது. அவள் அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சி படலைக்கு வந்துவிட்டார்.

"எங்கை மோனை, மழை இருட்டிக்கொண்டு வரேக்கை பச்சைப் பிள்ளையோடை வெளிக்கிட்டனி? தலைக்கு ஒரு தொப்பி போடக்கூடாதே?"

மறுநாள் முதல் தொப்பியும் போட்டோம். மழைக்காலத்தில் எங்கள் மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் கூடுவதால் கை, கால் மூடிய சட்டையும் போட்டோம். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு ஓட்டோவில் கிளினிக் போனோம். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் தாய்மார். நடுவில் நான் ஒருவன், வளர்ச்சிப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஊசி போட்டபோது பிள்ளை அழுதது கொஞ்சம். எனக்குக் கண் கலங்கியது அதிகம்.

ஞாயிறு மாலைகளில் மழை விட்டால் மூவருமாகப் பண்ணைக் கடற்கரைக்குப் போவோம். வடக்கே குளிர் தொடங்கும் நாடுகளிலிருந்து செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பறவைகள் இலங்கைக்கு வரத் தொடங்கும். அவை கடலோரச் சேற்றில் இரை பொறுக்குவதைப் பிள்ளை தாயின் தோளில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாடுகளின் இலையுதிர்காலம் எங்கள் ஊருக்கு இலையாக வருவதில்லை. சிறகாகத்தான் வருகிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மாணவர்களே, இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் தேவை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் வடக்கே செல்லச் செல்லக் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் இடையிலான வேறுபாடு கூடுகிறது. லண்டனில் நீண்ட பகல் 16 மணித்தியாலத்துக்கு மேல். குறுகிய பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் அந்த வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பகல் குறுகிக் குளிர் நெருங்கும்போது அங்குள்ள மரங்கள் பச்சையம் உண்டாக்குவதைக் குறைக்கின்றன. பச்சை மறைய, இலைக்குள் ஏற்கனவே இருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. பின்பு இலை உதிர்கிறது.

எங்கள் ஊரில் வேப்பிலை உதிர்வது மாசி, பங்குனியில், வறட்சியின்போது. அங்கே இலை உதிரும் ஐப்பசியில் இங்கே பயிர் முளைக்கிறது. பெரும்போக நெல் பச்சை பிடிக்கிறது. பாத்தியில் இட்ட பனங்கொட்டை மண்ணுக்குள் கிழங்கு விடுகிறது. தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். உங்கள் இலக்கணப் பாடத்தில் இரண்டு புள்ளிக்காக நீங்கள் மனனம் செய்கிற அந்தச் சொல், உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிற மழைக்காலத்தின் பெயர்.

2024 நவெம்பர் இறுதியில் தாழமுக்கம் ஒன்றினால் யாழ்ப்பாணத்தில் பெருமழை பெய்து வெள்ளம் நின்றது. எங்கள் ஒழுங்கையிலும் முழங்கால் அளவு தண்ணீர். உலா நின்றுபோயிற்று. பிள்ளையின் துணிகள் முதல் நாள் கொடியில், இரண்டாம் நாள் கதிரைகளில், மூன்றாம் நாள் யன்னல் கம்பிகளில் தொங்கின. ஒன்றும் காயவில்லை. மின்சாரமும் இல்லை. மூன்றாம் நாள் இரவு அம்மா ஒன்றும் பேசாமல் சிரட்டைகளை எரித்துத் தணலாக்கி, சட்டியில் அள்ளி விறாந்தையில் வைத்தார். அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, கருகாதபடி புரட்டிக்கொண்டே இருந்தார். காய்ந்த சட்டையைப் போட்டுப் பிள்ளையை என் கையில் தந்தபோது, அவள் அடுப்படி போல மணந்தாள்.

அந்த மாணவியின் வரி அப்படியே நினைவுக்கு வந்தது. ஓராண்டுக்கு முன் நான் அதன் கீழ் எழுதிய சிவப்பு மை வரியும் வந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை நான் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 188 அடிகளைக் கொண்ட அந்தப் பாட்டு, கூதிர்காலத்தை எப்படிக் காட்டுகிறது? வெள்ளத்தால் மேட்டுநிலத்துக்கு மாடுகளை ஓட்டிச் சென்ற ஆயர்கள் நெருப்பில் கை காய்கிறார்கள். பசு பால் குடிக்க வந்த கன்றை உதைக்கிறது. நகரத்து மாடங்களில் யாரும் தேடாத விசிறி சிலந்தி நூல் பற்றித் தொங்குகிறது. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. குளிர் எவ்வளவு என்பதை அந்த விசிறியே சொல்லிவிடுகிறது. தணற்சட்டியை எழுதிய பிள்ளை செய்ததும் இதைத்தான். நக்கீரரைப் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு அது விளங்கவில்லை.

வெள்ளம் வடிந்து வகுப்புத் தொடங்கியதும் அவளைத் தேடினேன். அப்போது அவள் உயர்தரக் கலைப்பிரிவில் இருந்தாள்.

"பிள்ளை, அந்த ஐப்பசி மழைக் கட்டுரை உம்மட்டை இருக்கே?"

"எது சேர்?"

"தம்பியின்ரை உடுப்புக் காயாததைப் பற்றி எழுதினது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது இல்லை சேர். அண்டைக்கே கிழிச்சுப்போட்டன்." பிறகு என்னைத் தேற்றுவது போலச் சொன்னாள்: "சோதினைக்கு நீங்கள் தந்த குறிப்பைப் பாடமாக்கித்தான் எழுதினனான் சேர். ஏ வந்தது."

பொன்னிற இலைகள் எங்கிருந்து வந்தன என்று இப்போது விளங்கியிருக்கும். அந்தக் குறிப்பை எழுதியவன் நான். இலையுதிர்காலத்தை நான் கண்டதேயில்லை. பழைய வழிகாட்டி நூலொன்றில் வாசித்ததைச் சொல் மாற்றி எழுதிப் பிரதி பண்ணிக் கொடுத்திருந்தேன். என் மாணவர்கள் என்னிடம் கடன் வாங்கியிருந்தார்கள். நான் இன்னொருவரிடம் வாங்கியிருந்தேன்.

"அண்டைக்கு நான் போட்ட புள்ளி பிழை, பிள்ளை" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

"பரவாயில்லை சேர்" என்றாள். பிறகு, ஏ எடுத்ததைச் சொன்னபோது இல்லாத ஒரு சந்தோஷத்தோடு சொன்னாள்: "தம்பி இப்ப நடக்கிறான் சேர். மழைத்தண்ணிக்கை இறங்கி ஓடுறான். பிடிக்கேலாது."

"அதை எழுதும்" என்றேன்.

மாணவர்களே, பாடமாக்கிய கட்டுரைக்குப் புள்ளி கிடைக்காது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. கிடைத்திருக்கிறது. ஆனால் தலைப்புச் சற்று மாறிவிட்டால், பாடமாக்கியவன் பேனாவைப் பிடித்தபடி திகைத்து நிற்பான். கண்டதை எழுதப் பழகியவனுக்கு எந்தத் தலைப்பிலும் ஓர் அடியெடுப்பு இருக்கும். எழுத்துப் பிழையையும் வசனப் பிழையையும் நான் திருத்தித் தரலாம். உங்கள் வீட்டு விறாந்தையை நான் எழுதித் தர முடியாது. பரீட்சை முடிந்த பின்பும் உங்களிடம் எஞ்சியிருக்கப்போவது அதுதான். அதை வீட்டுக் கஷ்டம் என்று யாராவது ஒதுக்கச் சொன்னால், அவர் ஆசிரியராகவே இருந்தாலும், தயவுசெய்து தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

பயிற்சி: அடுத்த மழை நாளில் உங்கள் வீட்டிலுள்ள சிறு பிள்ளை ஒன்றை, இல்லையெனில் அயல் வீட்டுப் பிள்ளையை, அரை மணித்தியாலம் கவனியுங்கள். அப்பிள்ளை எதைப் பார்க்கிறது, எதைத் தொடுகிறது, அந்நேரம் வீட்டில் உள்ளவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு 'எங்கள் வீட்டுக் கூதிர்காலம்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுக. 'அழகு' என்னும் சொல்லை ஓரிடத்திலும் பயன்படுத்தாதீர்கள்.

எழுதியதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். பரீட்சையில் சிறப்பாகச் சித்தியெய்த என் வாழ்த்துகள்.