சொன்ன சொல்லின் விலை

மேலதிகாரி பேசுவதை ஊழியர்கள் காதால் கேட்கிறார்கள். அவரை நம்பலாமா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், "எந்தக் குறையானாலும் கூசாமல் சொல்லுங்கள்" என்று மேலதிகாரி கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கணக்குப் பிரிவில் இருந்த மூத்தவர் ஒருவர் அதை நம்பி, ஓவர்டைம் தொகையில் நடந்த பிடித்தத்தைப் பற்றி எல்லோர் முன்னும் கேட்டார். அடுத்த மாதமே அவருக்கு வெளியூர் மாற்றல் வந்தது. யாரும் சண்டை போடவில்லை. ஆனால் அதன் பிறகு "ஏதாவது கேள்வி உண்டா?" என்றால் எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்த்தோம். வேலைகள் வழக்கம்போல நடந்தன. தவறுகளைப் பற்றிய செய்தி மட்டும் மேலே போகவில்லை. நம்பிக்கை போன இடத்தில் முதலில் நின்றுபோவது அதுதான்.

இதற்கு நேரெதிராக என் நினைவுக்கு வருபவர், ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத் தலைவராக இருந்த சதோரு இவாதா. வீடியோ கேம்களுக்கு நிரல் எழுதி வளர்ந்து, 2002-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர். 2012 இறுதியில் வெளிவந்த 'வீ யூ' என்ற விளையாட்டுக் கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2013-இல் பங்குதாரர்கள் முன் ஆட்குறைப்பு பற்றிய கேள்வி எழுந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் மக்கள் மனதைத் தொடும் விளையாட்டை உருவாக்க முடியாது என்பதே அவர் பதிலின் சாரம். 2014 ஜனவரியில் நிறுவனம் நஷ்டத்தை நோக்கிப் போவது தெரிந்ததும், தம் சம்பளத்தில் பாதியை 5 மாதங்களுக்குக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களின் சம்பளமும் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. 2011-இல் '3டிஎஸ்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் விலையைக் குறைக்க நேர்ந்தபோதும் அவர் தம் சம்பளத்தைப் பாதியாக்கியிருந்தார்.

அந்தப் பணம் நஷ்டத்தில் ஒரு மூலையைக்கூட அடைத்திருக்காது. ஆனாலும் முதல் வெட்டு யார் மேல் விழுந்தது என்பதை ஊழியர்கள் பார்த்தார்கள்.

இதில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. அதே 2014-இல் நிண்டெண்டோவின் ஐரோப்பியக் கிளை, ஜெர்மனியில் இருந்த ஓர் அலுவலகத்தை மூட முடிவு செய்தது. 100 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். தலைவர் சொன்ன சொல் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று அவர்களில் சிலராவது நம்பியிருப்பார்கள். ஒரு சொல் யாரையெல்லாம் காக்கும், எதுவரை காக்கும் என்பதையும் சொல்லிவிடுவது தலைவரின் கடமை. காப்பாற்ற முடியாமல் போனால், வதந்தி பரவும் முன் அவரே வந்து முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

லாபம் கொட்டும் காலத்தில் சொல் தவறாமல் இருப்பது யாருக்கும் எளிது. சொன்ன சொல் தனக்கே நஷ்டமாகும் நாளில் தலைவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான், அடுத்த கெட்ட செய்தியை அவரிடம் கொண்டுபோகலாமா கூடாதா என்று ஊழியர் தீர்மானிக்கிறார்.