கெர்னல் மாறினால் மாட்யூலும் மாற வேண்டும்

கோவையில் நூற்பாலைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்து தரும் சிறு பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். மாடியில் மேசைக்கு மேசை பீகிள்போன் பிளாக் போர்டு. 2013இல் வெளிவந்தது, உள்ளங்கை அளவு, 1 கிகாஹெர்ட்ஸ் ஆர்ம் பிராசஸர், 512 எம்பி ராம். நூலின் நீளத்தை அளக்கும் இந்த வேலைக்கு அது தாராளம்.

இயந்திரத்தின் உருளை சுற்றச் சுற்ற, பக்கத்திலுள்ள சென்சார் பல்ஸ் அனுப்பும். அதை எண்ணினால் ஓடிய நூலின் நீளம் தெரிந்துவிடும். முதலில் பைத்தான் நிரல்தான் எண்ணிக்கொண்டிருந்தது. போர்டு வேறு வேலையில் மும்முரமானால் சில பல்ஸ் விட்டுப்போகும், நீளக் கணக்கு குறையும். அதனால்தான் எண்ணும் பொறுப்பை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஒரு மாட்யூலாகக் கொண்டுபோகிறார்கள். பல்ஸ் வந்ததும் இன்டரப்ட் எழும். எண்ணிக்கை அப்போதே ஒன்று கூடும். சென்சார் 24 வோல்ட், போர்டின் பின்னோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால் நடுவில் ஒரு ஆப்டோகப்ளர்.

மாட்யூலை எழுதிக்கொண்டிருந்தவர் புதிதாகச் சேர்ந்த இளம்பெண். சிக்னல் நிலைப்பதற்காக இன்டரப்ட் ஃபங்ஷனுக்குள் ஒரு ஸ்லீப் வரி போட்டிருந்தார். மூத்த பொறியாளர் திரையை எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள தூங்கவே கூடாதும்மா. போர்டே நின்னு போயிரும்."

"சரிங்க சார்" என்று அந்த வரியை எடுத்துவிட்டு, நேரத்தைக் குறித்து ஒப்பிடும்படி மாற்றி எழுதினார்.

கம்பைல் நடப்பது போர்டில் அல்ல, மேசைக் கணினியில், ஆர்முக்கான கிராஸ் கம்பைலரைக் கொண்டு. கிடைத்த கோப்பைப் போர்டுக்கு அனுப்பி, சீரியல் கேபிள் வழியாக, மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை கொடுத்தார். கெர்னல் மறுத்துவிட்டது: 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்'. கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெசேஜைப் பார்த்தால், மாட்யூலில் பதிந்திருந்த கெர்னல் பதிப்பு ஒன்று, போர்டில் ஓடுவது வேறொன்று. நடுவில் யாரோ போர்டை அப்டேட் செய்திருக்கிறார்கள்.

கட்டாயப்படுத்தி ஏற்றவும் வழி உண்டு. மூத்தவர் அதற்குச் சம்மதிக்கவில்லை, அவர் செய்தது சரி. பதிப்பு மாறினால் கெர்னலுக்குள் தரவு அமைப்புகளும் மாறியிருக்கலாம். மாட்யூல் தவறான இடத்தில் எழுதினால் நினைவகமே கெடும். லினக்ஸ் கெர்னலின் உள் இடைமுகம் நிலையாக இருக்காது என்பது வேண்டுமென்றே எடுத்த முடிவு. அதற்கான காரணங்களை கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கெர்னல் மூலத்திலேயே இருக்கிறது.

ஓடும் கெர்னலுக்குரிய ஹெடர்களை எடுத்து மறுபடி கம்பைல் செய்ததும் மாட்யூல் ஏறியது. அந்த இளம்பெண் சோதனை உருளையைக் கையால் மெல்லச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் திரையில் எண் கூடியது.

இத்தகைய கருவி வாங்கும் ஆலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியோடு கெர்னலின் மூலநிரலையும், அதன் கான்ஃபிக் கோப்பையும், மாட்யூலின் மூலத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருவது; அதன் மூலநிரலைக் கேட்பது உங்கள் உரிமை. அவை கையில் இல்லாவிட்டால், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு அந்த மாட்யூலை யாராலும் புதுப்பித்துத் தர முடியாது.