எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது?

தகவல் பாதுகாப்பு ஆடிட்டுக்குப் போகிற இடத்தில் முதலில் டேஷ்போர்டைத்தான் காட்டுவார்கள். பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம் இருக்கும். இந்தக் காலாண்டில் வாடிக்கையாளர் விவரம் கசிந்த சம்பவங்களின் எண்ணிக்கை அது. தேனி, போடி, கம்பம் வட்டாரத்தில் நான் பார்ப்பவை எல்லாம் நடுத்தர நிறுவனங்கள்: ஏலக்காய் வியாபார அலுவலகங்கள், ஸ்கேன் சென்டர்கள், மகளிர் குழுக் கடன் கம்பெனிகள். ஊருக்கு ஊர் கிளை, பீரோ நிறைய ஆதார் நகல், எல்லா வேலையும் வாட்ஸ்அப்பில் என்று ஓடுகிற இடத்தில் மூன்று மாதமாக ஒன்றுமே நடக்கவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது. நடந்திருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஒரு மகளிர் குழுக் கடன் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பத்துக்குப் பக்கத்துக் கிளை. வசூலுக்குப் போகிற பையன் அன்றைய பட்டியலைக் கிளைக் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து, ஊர்த் திருவிழாக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பெயர், வீட்டுக்காரர் பெயர், ஆதார் எண், போன் நம்பர், தவணை பாக்கி, அத்தனையும் ஒரே எக்செல் தாளில். உடனே அழித்தான். அதற்குள் சிலர் திறந்து பார்த்திருந்தார்கள். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பச்சைப் பூஜ்ஜியம் அப்படியே நின்றிருக்கும். அவன் மேனேஜரிடம் போய்ச் சொன்னான். என் கணக்கில் அந்தக் காலாண்டின் மிக நல்ல செய்தி அதுதான். தானாக வந்து சொன்ன சம்பவங்கள் எத்தனை, வெளியாள் சொல்லித் தெரிந்தவை எத்தனை என்று பிரித்து எழுதினால் ஒரு நிறுவனத்தின் லட்சணம் பாதி புரிந்துவிடும். மொத்த எண்ணிக்கை ஏறினால் பதற வேண்டியதில்லை. சம்பவங்களைத் தெரிவிக்கப் பயிற்சி கொடுத்த பிறகு அது ஏறத்தான் செய்யும்.

அடுத்தது நேரக் கணக்கு. கள்ளத்தனம் நுழைவது இங்கேதான். ரிஜிஸ்டரில் 'தெரிய வந்த நேரம்' என்ற கட்டத்தில் தலைமை அலுவலகத்துக்கு மெயில் வந்த நேரத்தை எழுதியிருந்தார்கள். பையன் மேனேஜரிடம் சொன்னது முந்தின நாள் மாலை. "கிளைக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிருமா சார்?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. ஆகும் என்றுதான் நான் சொல்வேன். சட்டக் கடிகாரங்களும் அறிந்த நொடியிலிருந்துதான் ஓடுகின்றன. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. கசிவு தெரிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே ஒரு தகவலும் 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அபராதம் ₹200 கோடி வரை போகலாம்.

வாரியத்துக்குப் போகிற 72 மணி நேரத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் விவகாரத்தை நான் இந்தக் கண்ணோடுதான் படித்தேன். பாலிசிதாரர்களின் மருத்துவ அறிக்கைகள் வரை டெலிகிராம் சாட்பாட்களில் கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் எழுதியது 2024 செப்டம்பர் 20-இல். அடையாளம் தெரியாத ஒருவர் ஆகஸ்ட் 13 அன்றே தங்களைத் தொடர்புகொண்டதாக நிறுவனம் சொன்னது. சைபர் குற்றப் பிரிவுக்கும் செர்ட்-இன்னுக்கும் தெரிவித்துவிட்டதாகவும், முதற்கட்ட ஆய்வில் பரவலான பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் டெலிகிராம் மீது வழக்குப் போட்டது. தரவில் ஒரு பகுதி சட்டவிரோதமாக அணுகப்பட்டதை அக்டோபர் 9 அன்று ஒப்புக்கொண்டது. போலீஸ், அரசு அமைப்பு, நீதிமன்றம் என்று பார்த்தால் கட்டங்கள் நிரம்பித்தான் இருக்கின்றன. ஆனால் ஆகஸ்ட் 13-க்கும் செப்டம்பர் 20-க்கும் இடையில் 38 நாட்கள். ராய்ட்டர்ஸ் ஆவணங்களைக் காட்டி விசாரித்த பாலிசிதாரர்கள், அவை தங்களுடையவைதான் என்றார்கள். கசிவு பற்றித் தங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார்கள். எந்த டேஷ்போர்டிலும் இந்த 38-க்கு ஒரு கட்டம் கிடையாது.

நம் கடன் கம்பெனிக்கு வருவோம். மறுநாள் காலை பதினொரு மணிக்கு எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பியாயிற்று என்று ரிப்போர்ட். ஆங்கிலத்தில். அந்தப் பெண்களில் பலர் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். தோட்டத்துக்குள் டவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். சிலர் பதிவு செய்திருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். கணினி 'டெலிவர்டு' என்கிறது. அந்தம்மாவுக்கு விஷயமே தெரியாது. சம்மதம் கேட்கும்போது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வசதி தர வேண்டும் என்கிறது தரவுப் பாதுகாப்புச் சட்டம். அவ்வளவு தமிழாவது ஆபத்து வந்த நேரத்தில் வேண்டாமா?

சாயங்காலம் ஜீப்புகள் இறங்கின பிறகு குழுத் தலைவி ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூட்டிவைத்துச் சொன்னோம். ஆதார் எண், ஓடிபி, 'கடன் டாப்-அப் தர்றோம்' என்று வரக்கூடிய போலி அழைப்பு என்று நான் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் நடுவில் மறித்தார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எம் பாக்கி ஊருக்கே தெரிஞ்சு போச்சா? அதச் சொல்லுங்க மொதல்ல." கம்பெனியின் தீவிரப் பட்டியலில் ஆதார் எண் 'உயர்', தவணை பாக்கி 'குறைவு'. அந்தத் திண்ணையில் அது தலைகீழ். தீவிரத்தை மதிப்பிடும்போது, பாதிக்கப்பட்டவர்களில் சிலரையாவது கேட்காமல் கட்டத்தை நிரப்பாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லா இடத்திலும் சொல்லிவருகிறேன்.

சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து சம்பவங்களில் ஒன்பதை இரண்டிரண்டு மணி நேரத்தில் முடித்து, ஒன்றை 20 நாள் இழுத்தடித்தால் சராசரி ஏறக்குறைய 50 மணி நேரம். நடுமதிப்பு எடுத்தால் இரண்டே மணி நேரம்! இரண்டு எண்ணுமே அந்த இருபது நாளை மறைத்துவிடுகின்றன. நான் கேட்பது, இருப்பதிலேயே அதிக நாள் இழுத்தது எது, ஏன் என்று. கூடவே, போன வருடம் 'முடிந்தது' என்று மூடிய காரணம் இந்த வருடம் வேறு கிளையில் திரும்ப வந்ததா என்றும் பார்ப்பேன்.

அந்தக் கம்பெனியின் ரிஜிஸ்டரில் இப்போது 'அனுப்பிய நேரம்' பக்கத்தில் 'போய்ச் சேர்ந்த நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. போய்ச் சேர்வது எங்கள் கையில் இல்லையே என்று முதலில் முனகினார்கள். ஆறு மணிக்கு மேல் குழுத் தலைவிகளுக்குப் போன் செய்வது உங்கள் கையில்தானே என்றேன். செய்கிறார்கள். வசூல் பட்டியலிலிருந்து ஆதார் கட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். வசூலுக்கு அது எதற்கு என்று கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. கிளைகளிலிருந்து வருகிற சம்பவத் தகவல்களும் கூடியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மேனேஜர்களின் வருட போனஸ் தாளில் 'சம்பவங்கள் குறைவு' என்பதற்கு இன்னும் மதிப்பெண் இருக்கிறது. உண்மையைச் சொல்லும் கிளைக்குப் போனஸ் குறையும். அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எச்.ஆர். ஒப்புக்கொண்டுவிட்டது, நிதிப் பிரிவுதான் இடத்தைக் காலியாக விட முடியாது, பதிலுக்கு எதைப் போடுவது என்று கேட்கிறது. போய்ச் சேர்ந்த நேரத்தைப் போடுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.