கடுக்காய்த் தண்ணீரும் கடற்காற்றும்

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல் இருக்காது, டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருக்கும். அங்குள்ள பழைய வீடுகளைப் பராமரிப்பவர்கள் வேலை செய்வதைப் பார்க்க அதைவிடத் தோதான நாள் கிடையாது. அனுமதி வாங்கிக்கொண்டு போனபோது ஒரு சுவரின் காலடியில் ஐந்தாறு பேர் குந்தியிருந்தார்கள். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த மூத்த கொத்தனார் ஒருவர், அவருடைய சித்தாள், மற்றவர்கள் தன்னார்வலர்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையடக்கமான தூரிகையால் உதிர்ந்த சாந்தைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

தட்சிணசித்ராவை உருவாக்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1984இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர் டெபோரா தியாகராஜன். அதன் பெருமுயற்சியான இந்த அருங்காட்சியகம் 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது, அவர் வழியில் வந்த பென்னி குரியகோஸ் வேலையை முன்னெடுத்தார். செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரக் கடலோரத்து வட்டக் குடில் எனத் தென்னிந்தியாவின் வீடுகள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பலவும் இடிபடவிருந்த வீடுகள். உத்தரம், தூண், நிலை, கதவு என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் படம் வரைந்து, பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். செங்கல்லைக் காட்டிலும் மரத்தைத்தான் இப்படி இடம் மாற்ற முடியும். அதனால்தான் தச்சர்கள் இல்லாமல் இந்த அருங்காட்சியகமே இல்லை என்று நான் சொல்வேன்.

கட்டி முடித்துத் திறந்துவைத்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பாடு தொடங்குகிறது, அதை யாரும் எழுதுவதில்லை. கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று ஆணியையும் கீலையும் தின்னும். மழைக்காலத்தில் ஈரம் அடிச்சுவரில் ஏறும், உப்பும் கூடவே ஏறும். வெயிலில் ஈரம் உலரும்போது உப்பு மட்டும் சுவருக்குள் தங்கிப் படிகமாக விரிந்து பூச்சைத் தள்ளும். இந்த இடத்தில் அவசரப்பட்டு சிமென்ட்டைப் பூசினால் சுவர் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே செங்கல் பொடியும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். தான் கொஞ்சம் உதிர்ந்து, செங்கல்லைக் காப்பாற்றும்.

கொத்தனார் சாந்து குழைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுண்ணாம்பு முன்னரே நீரில் ஊறிக் குழைந்திருந்தது. பானையில் கடுக்காய்த் தூளும் வெல்லமும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறிப் பழுப்பாகிப் புளித்த வாடை வீசியது. அந்தத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, மணலோடு சேர்த்து மிதிக்கிறார்கள். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ந்தால் சாந்து பிசுபிசுப்பாகும், சட்டென்று காய்ந்து வெடிக்காது. கட்டடக்கலை படிக்கும் பையன் ஒருவன் கரண்டியால் ஓர் உருண்டை எடுத்துச் சுவரில் அப்பினான். அது வழுக்கிக் கீழே விழுந்தது.

“அழுத்தாதீங்க தம்பி. முதல்ல சுவத்துக்குத் தண்ணி காட்டுங்க. காஞ்ச சுவரு சாந்துல இருக்குற ஈரத்தயெல்லாம் உறிஞ்சிரும்.”

“எவ்ளோ தண்ணி அண்ணே?”

“தொட்டா குளுகுளுன்னு இருக்கணும், கையில ஒட்டக் கூடாது.”

இதற்கு எந்தக் கையேட்டிலும் அளவு கிடையாது. பையன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், மறுபடி தெளித்தான், மறுபடி வைத்துப் பார்த்தான். இரண்டாவது உருண்டை ஒட்டியது. அவன் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது, தன்னார்வலர் திட்டம் என்று ஒன்று இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று தோன்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடுகளைச் சுற்றிக் காட்டுவதும், நூலகத்தில் உதவுவதும், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பட்டியல் போடுவதும் முக்கியம்தான். ஆனாலும் ஒரு கொத்தனாரின் கைக்கணக்கு இன்னொரு கைக்குப் போய்ச் சேர்வதற்கு நிகராக நான் எதையும் வைக்க மாட்டேன்.

வழவழப்பான செட்டிநாட்டுப் பூச்சுக்கு இன்னும் பல அடுக்கு வேலை உண்டு. சல்லடைகள் நுண்மையாகிக்கொண்டே போகும், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேரும், பிறகு கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அன்று அடிப்பூச்சு மட்டுமே. “ரெண்டு மூணு நாளு இதுக்குத் தண்ணி காட்டணும், அப்பத்தான் மேல போவோம்” என்றார் கொத்தனார். தன் பிள்ளைகள் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போவதாகவும் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. கூலி அங்கே ஒழுங்காக வருகிறது, அவ்வளவுதான்.

வங்கி அம்மா மதியச் சோற்றுக்குப் பிறகு கதவுகளின் பக்கம் வந்தார். பித்தளைக் குமிழ்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்துப் பழைய துணியால் துடைத்தார். பழைய தேக்குக் கதவுகளுக்கு வார்னிஷ் அடிக்கக் கூடாது, ஆளி விதை எண்ணெயைப் பூசி மரம் குடிக்கவிட்டு மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும் என்று செய்து காட்டினார். தொடக்கத்தில் அவருடைய மகன்கூட, காசில்லாமல் இதை எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டானாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. கும்பகோணத்துப் பக்கம் அந்த அம்மாவின் தாத்தா வீட்டின் கதவுகள் பங்காளிச் சண்டையில் விற்கப்பட்டு எங்கோ போய்விட்டன. “நம்ம வீட்ட நாம வச்சுக்கத் தெரியல. இதையாவது பாத்துக்கலாமேன்னு வந்தேன்” என்றார்.

இந்த வருத்தம் அவருக்கு மட்டும் உரியதல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். இடித்த வீடுகளின் தூண்களும் சாளரங்களும் மரப்பெட்டிகளும் கடைக்குக் கடை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வாங்குகிறவர்கள் ஹோட்டல் வரவேற்பறைக்கும் பண்ணை வீட்டுக்கும் கொண்டு போகிறார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அரண்மனை அளவு வீட்டை, வெளியூரில் சிதறிப்போன இருபது பங்காளிகள் எப்படிக் காப்பாற்றுவார்கள்? ஆனால் வீட்டை வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குக்கூட, ஒழுகும் ஓட்டை மாற்றவும் சுண்ணாம்புச் சுவரைச் சீர்செய்யவும் ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஆள் சிமென்ட் மூட்டையோடு வருகிறார். அதனால் தட்சிணசித்ராவில் அந்தப் பையன் கற்றுக்கொள்வது ஒரு சுவருக்கான பாடம் மட்டுமல்ல, நாளை அவன் ஊரில் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டால் போய் நிற்க ஒரு ஆளும் உருவாகிறார்.

மாலையில் புதுப்பள்ளி வீட்டுக்குள் போனோம். 1850ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்த வீடு ஏறக்குறைய முழுவதும் மரம். நடுவில் நெல் சேமிக்கும் அறை, அதைச் சுற்றித்தான் வீடு. கரையான் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்து, இரண்டு தன்னார்வலர்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டுச் சரிவுகளைப் பார்த்துவிட வேண்டும். செவ்வாய்க்குச் செவ்வாய் இன்னும் நாலு பேர் வந்தால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். சாந்து குழைக்கத் தெரிய வேண்டியதில்லை, குனிந்து நிமிர உடம்பும் சொன்னதைக் கேட்கிற பொறுமையும் இருந்தால் போதும் என்றார் வங்கி அம்மா.