டிஸ்கோவுக்குப் பின்னால் இருந்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

டிஸ்கோ என்றதும் உங்களுக்கு ஜிகினா சட்டையும் சுழலும் கலர் லைட்டும்தான் ஞாபகம் வரும். எங்கள் வயதுக்காரர்களுக்கு 1982-இல் வந்த 'சகலகலா வல்லவன்', பிறகு ஆனந்த்பாபு ஆடிய 'பாடும் வானம்பாடி'. அது இந்தி 'டிஸ்கோ டான்சர்' படத்தின் தமிழ் வடிவம். செங்கல்பட்டில் கல்யாண வீட்டு மைக் செட்டில் அந்தப் பாட்டுகள் அலறாத நாளில்லை.

என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த நண்பன் ஒருவன் மாமல்லபுரத்துக்காரன். வெளிநாட்டுப் பயணிகள் விட்டுப்போகும் கேசட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' போடுவான். தபேலா இல்லை, வயலின் இல்லை. ஒரே சீராக மெஷின் துடிப்பதுபோல ஒரு தாளம். அதற்கு அவன் ஆடுவான் பாருங்கள், அப்படி ஒரு நளினம்! அந்த நளினத்துக்காகவே ஊரில் அவனுக்குக் கேலிப்பெயரும் உண்டு.

அந்தப் பாட்டின் கதையை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். 1977-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜியார்ஜியோ மொரோடர் என்ற இசையமைப்பாளர் ஏறக்குறைய முழுவதையும் சிந்தசைசரிலேயே உருவாக்கினார். அதை முதலில் கொண்டாடியவர்களில் முக்கியமானவர்கள், அமெரிக்க நகரங்களின் நடனக்கூடங்களில் கூடிய தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞர்கள். 1969-இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்து நின்ற தலைமுறை அது. வீட்டிலும் வேலையிலும் வேஷம் போட்டவர்களுக்கு, வேஷம் கலைக்க அந்த ஆடுகளம் ஒன்றுதான் இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் சில்வெஸ்டர் என்ற கறுப்பினப் பாடகர், தேவாலயத்தில் பாடிப் பழகியவர், தான் யார் என்பதை மறைக்காமலே மேடையேறினார். அவருக்கு சிந்தசைசர் வாசித்தவர் பேட்ரிக் கவ்லி. 1982-இல், 32 வயதில், கவ்லியை எய்ட்ஸ் கொண்டுபோனது. 1988-இல் சில்வெஸ்டரையும். தன் பாடல்களுக்கு வரும் உரிமைத்தொகையை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

இது எங்கோ நடந்த கதை மட்டுமல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். பிறகு நம் பக்கத்துத் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிதான் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் புகலிடமானது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விருப்பத்தோடு சேரும் வயதுவந்த இருவர் இனிக் குற்றவாளிகள் அல்ல. அந்த வழக்கு யார் பெயரில் என்று தெரியுமா? நவ்தேஜ் சிங் ஜோகர். பரதநாட்டியக் கலைஞர், மாமல்லபுரம் போகும் வழியிலுள்ள திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் பயின்றவர்.

அன்றிரவு என் நண்பன் போன் செய்தான். "டேய், நான் யாருன்னு உனக்குத் தெரியுமில்ல? இன்னைக்கு வாய்விட்டுச் சொல்லணும்னு தோணுச்சு" என்றான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழக்கம். இருவரும் அழுதோம். பெயர் போடாமல் எழுதிக்கொள் என்று அவனே அனுமதி தந்தான்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். வகுப்பில் நளினமாக நடக்கும் பையனுக்கு யாராவது பட்டப்பெயர் வைத்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் பிள்ளை வந்து "நான் இப்படித்தான்" என்று சொன்னால், மாற்றித் தருகிறேன் என்பவரிடம் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அப்படி மாற்ற முயல்வதை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே தடை செய்திருக்கிறது. பக்கத்தில் உட்காரவைத்து, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். மற்றதெல்லாம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.