கல் சாலையில் மிதக்கும் 'தேவதை'!

பாரிஸ் நகரின் ஷான்ஸ் எலிஸே, உலகப் புகழ்பெற்ற சாலை. ஆனால், அதன் பெரும்பகுதி தார் போட்டதல்ல, கல் பாவியது. நடப்பவர்களுக்கு அழகு, காரில் போகிறவர்களுக்குத் தடதடப்பு. நகரைத் தாண்டி வடக்கே போனால், வயல்களுக்கு நடுவே இதைவிடக் கரடுமுரடான கல் பாதைகள் இன்றும் உண்டு.

இந்தச் சாலைகளின் நாட்டில், 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது சிட்ரோன் டி.எஸ். இந்த இரண்டு எழுத்துகளையும் பிரெஞ்சில் உச்சரித்தால், 'தேவதை' என்ற சொல் போலவே ஒலிக்கும்!

மற்ற கார்களில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில், பால் மாஜெஸ் என்ற பொறியாளர் நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளை வைத்தார். சக்கரம் மேட்டில் ஏறினால் ஆயில் அழுத்தப்படும். அது வாயுவை அழுத்தும். அதிர்ச்சி அங்கேயே அடங்கிவிடும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினாலும் கார் தாழாது. ஆயில் தானாகக் கூடி, பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

காரின் உயரத்தை மாற்ற டிரைவர் அருகில் ஒரு லீவர் உண்டு. நல்ல சாலைக்குச் சாதாரண நிலை. மேடுபள்ளமான மண் பாதையில் உயர்த்திக்கொண்டு மெதுவாகப் போகலாம், அடிப்பாகம் இடிக்காது. ஆனால், உயரம் கூடினால் சொகுசும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. உச்ச நிலையில் சஸ்பென்ஷன் விறைத்துப்போகும். கார் கட்டை வண்டியாகக் குலுங்கும். அது டயர் மாற்றுவதற்கான நிலை. காரை உயர்த்தி, ஒரு தாங்கியை முட்டுக்கொடுத்து, லீவரைத் தாழ்த்தினால் போதும். சக்கரம் தானே தரையைவிட்டு எழும்பும். ஜாக்கி தேவையில்லை.

1962 ஆகஸ்ட் 22 அன்று, பாரிஸ் புறநகரான பெத்தி கிளாமாரில் அதிபர் சார்ல் து கோல் சென்ற டி.எஸ் கார் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. டயர்கள் பஞ்சராகியும் கார் தடம்புரளாமல் விரைந்தது. அதிபரும் மனைவியும் உயிர்தப்பினார்கள். டிரைவரின் திறமையோடு, அந்த சஸ்பென்ஷனுக்கும் இதில் பங்குண்டு என்பார்கள்.

இன்றைய சில கார்களில் லீவருக்குப் பதில் பட்டன். குண்டும் குழியுமான தெருவுக்கு 'கம்ஃபர்ட்'. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் கார் சாயாமலிருக்க 'ஸ்போர்ட்'. சாலையைப் பார்த்துத்தான் பட்டனைத் தொட வேண்டும்.

டி.எஸ் தயாரிப்பு 1975-ல் நின்றுவிட்டது. ஆனாலும், பழைய டி.எஸ் ஒன்றை எங்காவது பார்த்தால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்வரை காத்திருங்கள். தாழ்ந்து கிடந்த கார் மெல்ல எழுந்து நிற்கும்!