தூதரின் சிலேடை

ஆங்கிலத்தில் படுப்பதும் ‘லை’, பொய் சொல்வதும் ‘லை’. தூங்கும் நாயைத் தொந்தரவு செய்யாதே என்னும் பழமொழியிலும் அந்தச் சொல் உண்டு. பிறர் மனம் நோகாதிருக்கச் சொல்லும் ‘ஒயிட் லை’யிலும் உண்டு. படுக்கைக்கும் பொய்க்கும் என்ன உறவு? இதைத் தெரிந்துகொள்ளத்தான் தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் இறந்தகாலத்தில் இருந்தது. படுத்தான் என்பதற்கு ‘லே’. பொய் சொன்னான் என்பதற்கு ‘லைடு’. ஒரே வேரில் பிறந்த சொல் பொதுவாக இப்படிப் பிரியாது. பழைய ஆங்கிலத்துக்குப் போனேன். படுப்பதற்கு ‘லிஜ்ஜன்’, பொய் சொல்வதற்கு ‘லேயொகன்’ என்று வேறு வேறு வினைகள் இருந்தன. உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் ‘லீகென்’, ‘லூகென்’ எனத் தனித்தனியாகவே வழங்குகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இந்த ஒற்றுமையை வைத்து விளையாடி வம்பில் மாட்டிக்கொண்ட ஒருவரின் கதை, ஐசக் வால்டன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் கிடைத்தது. அவர் ஹென்றி வுட்டன். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் தூதர். 1604இல் வெனிஸ் நகருக்குப் போகும் வழியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் தங்கினார். அங்கே நண்பர் ஒருவர் தம் கையெழுத்து ஏட்டை நீட்ட, தூதர் என்பவர் நாட்டின் நன்மைக்காக வெளிநாட்டில் பொய் சொல்ல அனுப்பப்படும் நல்ல மனிதர் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றைய ஆங்கிலத்தில் ‘லை’ என்பதற்கு ஓரிடத்தில் தங்கியிருத்தல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால், வெளிநாட்டில் தங்க அனுப்பப்படுபவர் என்ற பொருளும் சேர்ந்து நின்றிருக்கும். ஆனால் வுட்டன் எழுதியது லத்தீனில். அந்த மொழியில் பொய் என்ற பொருள் மட்டுமே மிஞ்சியது.

ஏட்டில் உறங்கிய வரியை 1611இல் காஸ்பர் ஷோப்பே என்ற கத்தோலிக்க எழுத்தாளர் வெளியே கொண்டுவந்தார். ஜேம்ஸைத் தாக்கி எழுதிய நூலில், இதுதான் இந்த மன்னரின் மதக் கொள்கை என்று காட்ட அதைப் பயன்படுத்தினார். மன்னர் கோபம் கொண்டார். வுட்டன் இரண்டு விளக்கக் கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. ஒன்று ஆக்ஸ்பர்க்கின் வெல்சர் என்பவருக்கு, மற்றொன்று மன்னருக்கே. பின்னர் 1624இல் ஈட்டன் கல்லூரியின் தலைவரான பிறகும் அந்த வரி அவர் பெயரை விட்டு அகலவில்லை.

தூதர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்பதற்குச் சான்றாக இதை எடுத்தாள்வோர் இன்றும் உண்டு. அது வுட்டனுக்கு இழைக்கும் அநீதி என்பதே என் முடிவு. ஒருவர் சொன்னதாக ஒரு வாசகத்தை எடுத்துக்காட்டுமுன், அவர் அதை எந்த மொழியில், எந்தச் சூழலில், யாருக்காக எழுதினார் என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.